அசல் இல்லை என்று எழுதிய நாள்

பி.எட். சேர்க்கைப் பிரிவில் இப்போது உட்கார்ந்திருக்கும் கவிதா போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, இந்த வருசத்துல இருந்து ஒரிஜினல் எதையும் வாங்கி வெக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஸ்கேன் பண்ணி ஏத்தினாப் போதுமாம். அந்தப் பச்சை பீரோவைக் காலி பண்ணீட்டு இருக்கறோம். வருசம் பூரா அத்தனை பேரோட சர்டிபிகேட்டையும் எப்பிடிங்க்கா கட்டிக் காத்தீங்க? எழுதிக் குடுங்க, ஊழியர் சங்க மலர்ல போட்டுரலாம்."

கட்டிக் காத்ததைப் பற்றி எழுத அதிகமில்லை. பீரோவுக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி சூப்பரின்டென்டிடம். அவ்வளவுதான். ஆனால் ஒரு சான்றிதழை ஒருவரிடமிருந்து வாங்கி வைப்பது என்றால் என்ன என்று எனக்கு ஒரே நாளில் புரிந்தது. அந்த நாளை எழுதுகிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். ஊர் சூலூருக்குக் கிழக்கே. அப்பா பஞ்சு அரவை ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா களையெடுக்கப் போவாள். இருவருக்கும் கைநாட்டுதான். அண்ணன்கள் இருவரும் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி, தறிக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்தது, பட்டம் வாங்கியது, எம்ப்ளாய்மென்ட் ஆபீஸிலிருந்து கார்டு வந்து வேலைக்குப் போனது எல்லாம் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை.

அந்தப் பெருமை ஒரு கெட்ட பழக்கத்தையும் கூட்டி வந்தது. அச்சடித்த விதி ஒன்றைக் கண்டால் அதை எனக்காகவே அச்சடித்ததாக நினைத்துக்கொள்வேன். நாலு தலைமுறையாக என் வீட்டில் யாராலும் படிக்க முடியாததை நான் படிக்கிறேன். அதில் ஒரு கமா கூடத் தப்பக் கூடாது என்ற வீறாப்பு.

முதல் இரண்டு வருடம் தபால் பிரித்தேன், டைப் அடித்தேன், பதிவேட்டுக்கு அட்டை போட்டேன். மூன்றாம் வருடம் பி.எட். சேர்க்கையில் உட்கார வைத்தார்கள். விதிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பள்ளியில் உள்ள ஏதாவது ஒரு பாடத்தில் பட்டம் வேண்டும். அதில் இத்தனை மதிப்பெண் வேண்டும். விண்ணப்பத்தோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றின் நகல்களும் கெஜட்டட் அதிகாரி ஒருவரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் இருக்க வேண்டும். பெயர் பட்டியலில் வந்துவிட்டால் சேர்க்கை நாளன்று அசல்களைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டியதும் நாங்கள் வாங்கி பீரோவில் வைத்துவிடுவோம். படிப்பு முடிந்து போகும்போதுதான் கிடைக்கும். வங்கி மேலாண்மை படித்துவிட்டு வந்த ஒருவரிடம், "அந்தப் பாடம் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இல்லீங்க" என்று விதியைத் திறந்து காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் போன பிறகுதான் அந்த மனிதர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார் என்று கேட்கத் தோன்றியது.

எங்கள் சூப்பரின்டென்ட் அப்துல் கரீம் சார். கோட்டைமேட்டுக்காரர். மெலிந்த ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா, கறுப்பும் சிவப்பும். எந்தத் தாளையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "முன்பக்கம் எல்லாரும் பாத்து எழுதுவாங்க அம்மணி, பின்பக்கத்துலதான் ஆள் தெரியும்" என்பார். நின்றுகொண்டு கையெழுத்துப் போட மாட்டார். அவசரம் என்று யார் வந்து நீட்டினாலும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, படித்துவிட்டுத்தான் போடுவார். விண்ணப்பத்தோடு கவுன்டருக்கு வருகிற எல்லாரையும், இடம் கிடைக்கும் முன்னாலேயே, "வாங்க டீச்சர்", "சொல்லுங்க வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒரு விண்ணப்பத்தை நான் தள்ளி வைத்தால், தள்ளியதற்கான விதியை நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவர் தாளைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் தள்ளுபடி.

சேர்க்கையில் என் முதல் பருவத்திலேயே இந்த முறை என் மானத்தை வாங்கியது. காங்கயம், வெள்ளகோவில் பக்கத்திலிருந்து வந்த விண்ணப்பங்களில் ஒரு கட்டை நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் ஒரே முத்திரை, கால்நடை உதவி மருத்துவர்.

"இதுக்கு என்ன குறை அம்மணி?"

"மாட்டு டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காருங்க சார்."

"விதியைப் படிங்க."

படித்தேன். கெஜட்டட் அதிகாரி என்றுதான் இருந்தது. கரீம் சார் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பக்கம் மனுசருக்கு டாக்டர் இருக்கறாரோ இல்லையோ, மாட்டுக்கு இருப்பாரு. அவரும் கெஜட்டட்தான். மாட்டுக்கு ஊசி போட்ட கையோட நம்ம டீச்சருங்களுக்கு முத்திரை போட்டிருக்காரு. அத்தனையும் உள்ளே எடுங்க."

பக்கத்து மேசை டைப்பிஸ்ட் சந்திரா அக்கா ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ம்மா" என்று கத்திக்காட்டினாள். அந்தக் கட்டிலிருந்து பலர் அந்த வருடம் சேர்ந்தார்கள். என் அறியாமையால் அவர்கள் அத்தனை பேரும் இடத்தை இழந்திருப்பார்கள்.

இனி அந்த நாள். நான் சேர்க்கைக்கு வந்து மூன்றாவது பருவம். ஆகஸ்ட் மாதம், கணிதப் பிரிவுக்குச் சேர்க்கை. நாள் முழுக்க ஒரு பதிவேடு திறந்திருக்கும். பெயர், பாடம், அசல் சரிபார்ப்பு, குறிப்பு என்று கட்டங்கள். சரியாக ஐந்து மணிக்குக் கரீம் சார் கடைசிப் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திடுவார். கோடு விழுந்த பிறகு காலியாக இருக்கும் இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போகும். அவரையும் அன்றைக்கு வரச் சொல்லியிருப்போம். அன்று வந்திருந்தவர் சத்தியமங்கலத்துப் பழனிசாமி. அசல்களைப் பாலிதீன் தாளில் சுற்றி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு காலை ஒன்பதரைக்கே வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பத்தரை மணி வாக்கில் அழைத்த பெயர் தெய்வானை. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருக்கும். வெள்ளகோவில் முகவரி. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் ஒரு மெல்லிய பைல்.

"அசல் குடுங்க."

"ஜெராக்ஸ் இருக்குதுங்க. கையெழுத்து வாங்கித்தான் வெச்சிருக்கறனுங்க."

"அதைக் கேக்கலீங்க. அசல்."

"ஸ்கூல்ல இருக்குதுங்க."

"எந்த ஸ்கூல்ல?"

"பெருந்துறைல நான் வேலை பாக்கற ஸ்கூல்லீங்க. சேரறப்பவே அத்தனையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. இந்த ஜெராக்ஸெல்லாம் அதுக்கு முன்னாடி எடுத்ததுங்க. கேட்டா, வருசம் முடியட்டும், வருசம் முடியட்டும்னு நாலு வருசம் ஆகிப்போச்சுங்க."

அன்று எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளிகள் பலவற்றில் இதுதான் வழக்கம். ஆசிரியர் பாதி வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அசல் சான்றிதழ்களை வாங்கித் தாளாளர் அறைப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் எனக்கு அப்போது வந்தது கோபம்தான்.

"படிச்சவங்கதானுங்க நீங்க? சர்டிபிகேட்டை யாராவது கையை விட்டுக் குடுப்பாங்களா? எங்கப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரே என்னோடதை டிரங்குப் பெட்டில வெச்சுப் பூட்டிச் சாவியை அரைஞாண்கயித்துல கட்டியிருக்காரு."

அவள் முகம் மாறவில்லை. "உங்களை வேலைக்கு எடுத்தவங்க பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தாங்க. என்னை எடுத்தவங்க குடுக்கலீங்க. அம்புட்டுத்தான் வித்தியாசம். எங்கப்பனுக்கும் படிக்கத் தெரியாதுங்க."

ஆத்திரத்தில் பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் 'அசல் இல்லை' என்று எழுதினேன். மையில்.

அவள் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டாள். "போன வருசமும் எனக்குக் கார்டு வந்துச்சுங்க. அசல் இல்லாமப் போனா வெரட்டியுடுவாங்கன்னு வரலை. இந்தத் தடவை, வெரட்டறவங்க மூஞ்சியையாவது பாத்துப்போட்டுப் போலாம்னுதானுங்க வந்தேன்."

போன வருடப் பதிவேடு என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. எடுத்துப் புரட்டினேன். இருந்தது. தெய்வானை, கணிதம், 'வரவில்லை'. என் கையெழுத்து. இடம் கிடைத்தும் வராதவர்களைப் பற்றி நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: அலட்சியம்.

இதற்குள் கரீம் சார் எழுந்து வந்துவிட்டார். "என்னங்க டீச்சர், என்ன அம்மணி, என்ன பஞ்சாயத்து?"

சொன்னேன். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "விதியைப் படிங்க."

"சேர்க்கை நாளன்று மாலை ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களைக் காட்டத் தவறுபவர் தம் இடத்தை இழப்பார்."

"இப்ப மணி எத்தனை?"

"பத்து அம்பதுங்க சார்."

"பொறவு எதுக்கு அம்மணி இப்பவே எழுதிப்போட்டீங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் சுட்டது.

பிரிவில் வெளியூருக்குப் பேச முடிந்த தொலைபேசி ஒன்றுதான். தெய்வானை சொன்ன எண்ணைக் கரீம் சார் சுழற்றினார். நாங்கள் கேட்டது ஒரு பக்கம் மட்டும்.

"ஏனுங்க, தாளாளருங்களா? வணக்கமுங்க. ஆமாங்க... சரிங்க... நியாயந்தானுங்க. பத்தாவது புள்ளைங்களுக்குக் கணக்கு யாரு எடுக்கறது, சரியான கேள்விங்க... இல்லீங்க, சண்டைக்குக் கூப்புடலீங்க... எல்லா ஸ்கூல்லயும் வெச்சிருக்காங்களா? சரிங்க. ஒரு கடுதாசி குடுத்துவுடறேன், பாருங்க. அதுக்கு ஒரு பதில் எழுதிக் குடுத்துவுட்டீங்கன்னாப் போதும்."

வைத்துவிட்டு என்னிடம், "லெட்டர் எழுதுங்க அம்மணி" என்றார்.

இந்தக் கடிதம் எந்த விதியிலும் இல்லை. நானே வரைந்தேன். இன்னார் எங்கள் பி.எட். படிப்புக்குத் தேர்வாகியுள்ளார், அவருடைய அசல் சான்றிதழ்கள் தங்கள் வசம் உள்ளதாகத் தெரிவிக்கிறார், இன்று மாலை ஐந்து மணிக்குள் அவை இங்கே சரிபார்க்கப்பட வேண்டும், எனவே உடனடியாகத் திருப்பித் தருமாறு வற்புறுத்தப்படுகிறது என்று முடித்திருந்தேன். கரீம் சார் கடைசி வரியை அடித்தார். அதற்குப் பதிலாகத் தன் கையால் எழுதினார்: 'இக்கடிதம் கொண்டு வருபவரிடம் அவற்றைத் தந்து உதவவும். தர இயலாதெனில், அதற்கான காரணத்தைப் பள்ளி முத்திரையுடன் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

எனக்கு அது போதாது என்று பட்டது. "இன்னுங் காட்டமாப் போடலாமுங்க சார். தர மாட்டேன்னுட்டா?"

"வாயில எத்தனை தடவை வேணாலும் மாட்டேம்பாரு. எழுதிச் சீல் வெக்கச் சொன்னாக் கை வராது அம்மணி."

சந்திரா அக்கா டைப் அடித்தாள். நான் அனுப்புகை எண் போட்டேன். கரீம் சார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கையெழுத்திட்டார். வட்ட முத்திரையை நானே அழுத்தினேன், இரண்டு கையாலும்.

கடிதத்தைக் கொடுக்கும்போது, "அஞ்சு மணிக்குக் கோடு போட்டுருவாங்க. ஒரு நிமிசங்கூடத் தள்ளாதுங்க" என்றேன். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் சிரித்தாள்.

"கணக்கு டீச்சருங்க நானு. போக ரெண்டேகால் மணி நேரம், வர ரெண்டேகால். அங்க எனக்கு ஒரு மணி நேரம் இருக்குது. போயிட்டு வாரனுங்க."

மணி பதினொன்று இருபத்தைந்து. அதற்குப் பிறகு நான் எத்தனை பேருடைய அசல்களைப் படித்தேன், எத்தனை பெயரை எழுதினேன் என்று நினைவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்த பழனிசாமி எழுந்தார்.

"ஏனுங்க மேடம், அந்தம்மா திரும்பி வருவாங்களா?"

"தெரியலீங்க."

"வருவாங்கன்னு சொல்லீருங்க. இல்லைன்னா வர மாட்டாங்கன்னு சொல்லீருங்க. இந்த ரெண்டுங்கெட்டானா உக்காந்திருக்கறது நெம்பக் கஷ்டமா இருக்குதுங்க."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவரிடமும் எல்லாம் சரியாக இருந்தது. மதிப்பெண்ணில் ஒரு படி கீழே, அவ்வளவுதான். அவர் நல்லவராக இருந்ததால் எனக்கு அவர்மீது கோபப்படவும் வழியில்லை.

நாலரை. நாலே முக்கால். கரீம் சார் சிவப்புப் பேனாவை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை. நாலு ஐம்பத்திரண்டுக்கு வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓடி வரவில்லை, வேகமாக நடந்து வந்தாள். புடவையின் கஞ்சியெல்லாம் போய்க் கசங்கிக் கிடந்தது. பழுப்பு நிற உறை ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள்.

"குடுத்துட்டாருங்களா?" என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

"ரெண்டு தடவை படிச்சாருங்க. கிளார்க்கைக் கூப்புட்டு, காரணம் எழுதுய்யான்னாரு. அவரு பேப்பரை எடுத்து 'தர இயலாத காரணம்'னு எழுதிப்போட்டு, என்னங்க எழுதறதுன்னு இவரைப் பாக்கறாரு, இவரு மேல சுத்தற ஃபேனைப் பாக்கறாரு. கால் மணி நேரம் அதுலயே போச்சுங்க. அப்பறம் பேப்பரைக் கிழிச்சுப்போட்டு, 'பத்தாவதுக்கு என்ன வழி, அதைச் சொல்லு'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேற ஆளு கெடைக்கற வரைக்கும் சனிக்கெழமை வந்து எடுத்துக் குடுக்கறேன்னு சொன்னனுங்க. அவரு கேக்கறதுலயும் நாயம் இருக்குதல்லங்க. பெட்டியைத் தொறந்துட்டாரு."

கரீம் சார் தலையை ஆட்டினார். "சரிபாருங்க அம்மணி."

நான் அசலைப் படித்தேன், அவர் நகலைப் பார்த்தார். பத்தாம் வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு. பட்டம். மாற்றுச் சான்றிதழ். சாதிச் சான்றிதழ். நாலு வருடம் மடங்கிக் கிடந்ததில் மடிப்பு வெளுத்திருந்தது. எல்லாம் ஒத்துப்போயின. பதிவேட்டில் என் 'அசல் இல்லை'யைக் குறுக்கே அடித்து, 'அசல் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, பக்கத்தில் என் சுருக்கொப்பத்தை இட்டேன். என் பணிக்காலத்தில் நான் மகிழ்ந்து செய்த அடித்தல் அது ஒன்றுதான். ஐந்து அடித்தது. கரீம் சார் கடைசிப் பெயருக்குக் கீழே கோடு இழுத்தார்.

பழனிசாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியது நான்தான். வாயைத் திறக்கும் முன் அவரே சொன்னார்.

"நாலு மணியில இருந்து பண்ணாரி அம்மனை வேண்டிக்கிட்டே இருந்தனுங்க, அவங்க வரக் கூடாதுன்னு. வந்து நின்னதைப் பாத்தா அம்மன் அவங்க பக்கம். போயிட்டு வாரனுங்க." மஞ்சப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அடுத்த வருடப் பட்டியலில் அவர் பெயர் மூன்றாவதாக இருந்தது. அதை டைப் அடிக்க நானே கேட்டு வாங்கினேன்.

ஆனால் அன்றைய வேலை இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. வழக்கமான கையசைவில், மேசைமேல் இருந்த அந்தப் பழுப்பு உறையை எடுக்கக் கை நீட்டினேன். தெய்வானை அதன்மேல் கையை வைத்தாள்.

"இதைய என்னங்க பண்ணப் போறீங்க?"

"பீரோவுல வெக்கறதுங்க. கோர்ஸ் முடிஞ்சதும் குடுத்துருவோம்."

"வருசம் முடிஞ்சதுமா?"

இந்த வார்த்தையை அன்று காலை அவள் வாயிலேயே கேட்டிருந்தேன். கரீம் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விதிப்புத்தகம் என் முழங்கையருகில் கிடந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: அசல்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒப்படைப்பவருக்கு நாங்கள் என்ன கொடுக்க வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. அத்தனை வருடமும் நாங்கள் எதுவும் கொடுத்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை. அந்தப் பள்ளிக்கும் எங்களுக்கும் அதில் என்ன வேறுபாடு என்று தேடினேன். எங்கள் பீரோ பெரியது என்பதைத் தவிர வேறு எதுவும் அகப்படவில்லை.

"உக்காருங்க" என்றேன். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தேன். 'கீழ்க்கண்ட அசல் சான்றிதழ்கள் பெற்றுக்கொள்ளப்பட்டன' என்று தலைப்பிட்டு, உறையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து, அதன் பெயர், வரிசை எண், வழங்கிய நாள் என்று எழுதினேன். கடைசியில், 'படிப்பின்போது எந்த நாளில் கேட்டாலும் திருப்பித் தரப்படும்' என்றும் சேர்த்தேன். அதற்கு எனக்கு அதிகாரம் இருந்ததா என்று தெரியாது. கரீம் சாரிடம் நீட்டினேன். பின்பக்கத்தைத் திருப்பினார், வெறுமையாக இருந்தது. முன்பக்கத்தைக் கீழிருந்து மேலாகப் படித்தார். அந்தக் கடைசி வரியை இரண்டாம் முறை படித்தார். பிறகு கையெழுத்திட்டார். அடுத்த பருவத்திலிருந்து அது அச்சடித்த ரசீதாக எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது. நான் ஓய்வு பெறும்வரை ஒரு உறை கூட ரசீதில்லாமல் அந்தப் பீரோவுக்குள் போகவில்லை.

ரசீதைத் தெய்வானையிடம் கொடுத்தேன். இப்போது அவிநாசிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறாள். அன்று அவள் அந்த ரசீதைப் படித்த விதத்தைப் பார்த்த எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஒரு கை உறைமேல் இருக்க, மறு கையில் ரசீதைப் பிடித்து, மேசையில் பரப்பியிருந்த அசல்களோடு எண்ணுக்கு எண் ஒத்துப் பார்த்தாள். விடைத்தாள் திருத்துகிற நிதானம். பன்னிரண்டாம் வகுப்பு வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"மேடம், இங்க மூணுன்னு போட்டிருக்கீங்க. எட்டுங்க இது."

பார்த்தேன். எட்டுதான். அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள். ரசீதை நாலாக மடித்துப் பைலுக்குள் வைத்தாள். பிறகு அசல்களை உறைக்குள் இட்டு, தானே அதை என் பக்கம் நகர்த்தினாள்.